ஒன்பதாவது பொருத்தத்தில் நின்ற பிரிண்டர்

கம்ப்யூட்டர் திரையில் நட்சத்திரக் குறிகளை அடுக்கிப் பிள்ளையார் வரைவதற்கு நான் மூன்று வாரம் செலவழித்தவன். தும்பிக்கை இடப்பக்கம் வளைய வேண்டும். அது ஒவ்வொரு முறையும் வலப்பக்கமே வளைந்து வலம்புரிப் பிள்ளையாராகிப் போனது. வலம்புரிக்கு ஆசாரம் ஜாஸ்தி, கடைக்கு ஒத்து வராது என்று யாரோ சொன்னதால் அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். அந்த மூன்று வாரத்தில், பிரிண்டரில் காகிதம் இருக்கிறதா என்று கேட்கும் ஒரு வரியை என் புரோகிராமில் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. அதனால் ஒரு பெண்ணின் கல்யாணம் நிற்கப் பார்த்தது.

இதைவிட வெட்கக்கேடு, அது ஜாதகப் பொருத்தம் பார்க்கும் புரோகிராம். நானோ இயற்பியல் படித்தவன். செவ்வாய்க்கு மனிதரின் கல்யாணத்தில் அக்கறை கிடையாது என்று பத்திரிகை ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதி, வீட்டுக்குள்ளாவது பிரபலமாக இருந்தவன்.

கள்ளக்குறிச்சி அப்போது மாவட்டம் ஆகியிருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கட்டடம். கீழே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட், மேலே என் கம்ப்யூட்டர் சென்டர். கீழே நாள் முழுவதும் ஆலங்கட்டி மழை பெய்தது. மேலே ஒரே ஒரு கம்ப்யூட்டர் உறை போட்டுத் தூங்கியது. கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளலாம் என்று போர்டு வைத்தேன். ஜனங்கள் படியேறி வந்தார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கை கட்டி நின்று, கொஞ்ச நேரம் தரிசித்துவிட்டு இறங்கிப் போனார்கள். ஒருவரும் கற்றுக்கொள்ள உட்காரவில்லை. தரிசனம்தான் வேண்டுமென்றால் அதையே தொழிலாக்கிவிடலாம் என்று இரண்டு நட்சத்திரங்களைக் கொடுத்தால் பத்துப் பொருத்தமும் சொல்லும் புரோகிராமை எழுதினேன். கொள்கை என்பது வாடகைக் கட்டடத்தில் அதிக நாள் குடியிருக்காது.

பிரிண்டர், ஊசிகளால் மை நாடாவைக் குத்திக் குத்தி அச்சடிக்கும் பழைய ஜாதி. ஓரமெல்லாம் ஓட்டை போட்ட காகிதம், மடிப்பு மடிப்பாக, மேசைக்கு அடியிலிருந்த அட்டைப்பெட்டியிலிருந்து ஏறி வரும். அதற்குத் தமிழ் தெரியாது. எழுத்துகளைப் புள்ளி புள்ளியாக நான்தான் கற்றுக்கொடுத்திருந்தேன். தகரத்தைக் கிழிக்கிற சத்தத்தோடு ஒவ்வொரு வரியாக அது எழுதுவதைப் பார்க்கவே கூட்டம் வந்தது.

அந்தப் பிரிண்டரை என் புரோகிராம் நடத்திய விதம், உளுந்தூர்பேட்டையில் சில கண்டக்டர்கள் விசில் ஊதுகிற விதம். ஏறியாச்சா என்று பார்ப்பதில்லை. ஊதினால் வண்டி கிளம்பும், ஏறாதவர் தலையெழுத்து. பிரிண்டருக்குக் கரண்ட் இருக்கிறதா, முகப்பில் 'தயார்' என்று சொல்லும் பச்சை விளக்கு எரிகிறதா, காகிதம் இருக்கிறதா, இந்த மூன்றில் எதையும் கேட்காமல் அது எழுத்துகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். பிரிண்டர் வாங்கிக்கொள்ளாவிட்டால் வாயடைத்து நின்றுவிடும். ஏன் நின்றது என்று ஒரு வார்த்தை வராது. திரையில் பிள்ளையார் மட்டும் இடப்பக்கத் தும்பிக்கையோடு சிரித்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் தியாகதுருகம் பக்கத்து ஊரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பெண்ணின் அப்பா, அம்மா, பெரியப்பா. கரும்பும் நெல்லும் வைக்கிற சம்சாரிகள். அப்பா பேச வாய் திறக்கும் முன் அண்ணன் முகத்தைப் பார்ப்பார். அந்த வீட்டில் எதையும் ஆரம்பிப்பதும் நிறுத்துவதும் பெரியப்பாதான் என்பது படியேறி வந்த வரிசையிலேயே தெரிந்தது. மாப்பிள்ளை திருக்கோவிலூர்ப் பக்கம். கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பெண்ணைப் பார்த்தாயிற்று, இரண்டு வீட்டாருக்கும் பிடித்துவிட்டது. பொருத்தம் மட்டும் பாக்கி. அதை என்னிடம் பார்க்க வேண்டும் என்பது பெரியப்பாவின் யோசனை.

"ஜோசியக்காரன் ரெண்டு பக்கமும் கை நீட்டுவான் தம்பி," என்றார். "இதுக்குக் கையே இல்ல."

எனக்குப் பெருமையாக இருந்தது. பட்டனைத் தட்டினேன். தினம், கணம், மகேந்திரம் என்று பிரிண்டர் கிழித்துக்கொண்டு போனது. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'உண்டு' விழ, பெண்ணின் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எட்டு முடிந்தது. ஒன்பதாவது, ரஜ்ஜு. தாலி நிலைக்குமா என்று சொல்கிற பொருத்தம். மற்ற ஒன்பதும் கைவிட்டாலும் இது மட்டும் கைவிடக் கூடாது என்பார்கள். பிரிண்டர் 'ரஜ்ஜு' என்று எழுதி, இரண்டு புள்ளி வைத்து, நின்றது.

காகிதம் தீர்ந்துவிட்டது. நான் "ஒரே நிமிஷங்க" என்று சொல்லிவிட்டு மேசைக்கு அடியில் புகுந்தேன். பெட்டி காலி. புதுப் பெட்டி அலமாரிக்குப் பின்னால் எங்கேயோ. மேசைக்கு அடியில் இருந்தபடியே மேலே நடந்ததைக் காதால் கேட்டேன். எந்த எடத்துல நின்னுக்கினு இருக்குது என்று பெரியப்பா கேட்டார். அப்பா குனிந்து படித்தார்.  பிறகு துண்டை உதறுகிற சத்தம்.

"எழுந்திருங்க," என்றார் பெரியப்பா. "மெஷினே எழுத மாட்டன்னுது."

நான் தலையை இடித்துக்கொண்டு வெளியே வருவதற்குள் வாசலில் செருப்புகள் இல்லை.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். "தும்பிக்கை எந்தப் பக்கம்னு பாத்தீங்க, தாள் எந்தப் பக்கம்னு பாக்கல," என்றாள். அதற்கு மேல் விமரிசனம் தேவைப்படவில்லை.

மறுநாள் ஒரு பெண் மேலே வந்தாள். கீழே டைப்ரைட்டிங் படிப்பவள், தோழியைப் படியில் நிற்க வைத்திருந்தாள். "நேத்து நின்னது என்னுதுதான் சார்," என்றாள். பிரிண்டரைச் சொல்கிறாளா கல்யாணத்தைச் சொல்கிறாளா என்று நான் விழித்தேன். இரண்டும்தான். ரஜ்ஜு உண்டு, ஒரு குறையும் இல்லை என்று அவசரமாகச் சொன்னேன். அது தனக்கு எதற்கு, பெரியப்பாவுக்கல்லவா வேண்டும் என்றாள். புதிதாக ஒன்று அடித்துத் தருகிறேன் என்றேன். நின்றுபோனதை மறுபடி அடித்தால் அவர் கையால் தொட மாட்டார் என்றாள். ஐப்பசி பிறப்பதற்குள் பதில் சொல்லும்படி மாப்பிள்ளை வீட்டில் கேட்டிருக்கிறார்கள். இல்லையென்றால் அவர்கள் வேறு இடம் பார்ப்பார்கள்.

அந்த மாப்பிள்ளைதான் வேண்டுமா என்று கேட்பது என் வேலையில்லை. ஆனாலும் கேள்வி என் முகத்தில் எழுதியிருந்தது போலும், அவளே சொன்னாள்.

"பாக்க வந்தவங்க எல்லாரும் பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமான்னு கேட்டாங்க சார். இவரு ஒருத்தருதான், மலையில குளிரும், மழை புடிச்சா பஸ் ஏறாது, ஒன்னால இருக்க முடியுமா யோசிச்சு சொல்லுன்னாரு. நானு முடியும்னேன். என்னை ஒருத்தர் கேட்டு நானு பதில் சொன்னது அதான் மொதல் தடவ."

அந்த வாரமே பெரியப்பாவைப் பார்க்கப் போனேன். பகுத்தறிவு பற்றிப் பஸ்ஸிலேயே ஓர் உரை தயாரித்திருந்தேன். தற்செயல், நிகழ்தகவு, காகிதத்தின் ஜடத்தன்மை என்று மூன்று பகுதி. அவர் கரும்புக் கொல்லையில் மடை திருப்பிக்கொண்டிருந்தார். முதல் பகுதியை முழுக்கக் கேட்டார். பிறகு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பேசினார்.

"பேப்பர் தீர்றது சகஜந்தான் தம்பி. நானு இல்லன்னு சொல்லல. ஆனா அத மொதல்லயே சொல்லணும். நானு வூட்ட வுட்டுக் கெளம்பும்போது பூனை குறுக்க வந்தா, உள்ள போயி ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டு, செத்த ஒக்காந்து, திரும்பக் கெளம்புவேன். அதுல ஒரு தப்பும் இல்ல. அது எச்சரிக்கை. ஏரிக்கரையத் தாண்டினப்புறம் மாடு படுத்துக்கிச்சுன்னா? அதுக்குப் பேரு தடங்கல். உங்க மெஷினு ஏரிக்கரையத் தாண்டிப் படுத்துக்கிச்சு."

இரண்டாம் பகுதியும் மூன்றாம் பகுதியும் என் வாயிலேயே கரைந்துபோயின. திரும்பி வரும் பஸ்ஸில் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்தேன். தியாகதுருகம் மலையைத் தாண்டும்போதுதான், என் புரோகிராமில் என்ன கோளாறு என்பதை அவர் சொன்ன அளவுக்கு யாரும் சொன்னதில்லை என்று உறைத்தது. நான் படித்த தடிமனான புத்தகங்கள் எல்லாம் அதே விஷயத்தை ஒரு அத்தியாயம் எழுதியிருந்தன. அதில் பூனை இல்லாததால் எனக்கு ஏறவில்லை.

உட்கார்ந்து திருத்தி எழுதினேன். கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்டருக்குப் போகும் தடித்த கேபிளுக்குள் பல கம்பிகள். சில கம்பிகள் எழுத்துகளைக் கொண்டுபோகின்றன. சிலவற்றில் பிரிண்டர் பதில் அனுப்புகிறது: வேலையாக இருக்கிறேன், தாள் தீர்ந்தது, தயாராக இருக்கிறேன், உடம்பு சரியில்லை. இத்தனை நாளாக அது சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. நான்தான் காதில் வாங்கவில்லை. இந்த விவரத்தை வீட்டில் சொன்னபோது மனைவி ஆச்சரியப்படவில்லை.

கேட்பது சுலபம், புரிந்துகொள்வதுதான் கஷ்டம். அணைத்துக் கிடக்கும் பிரிண்டரும் கம்பியில் ஏதோ ஒரு பதிலை வைத்திருக்கும். ஒரு கம்பியை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம், எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 'வேலையாக இருக்கிறேன்' என்பது பழுதல்ல. என் தமிழ் எழுத்துகளைப் புள்ளி புள்ளியாகக் குத்த அதற்கு நேரம் பிடிக்கும். திருத்திய முதல் புரோகிராம் இது தெரியாமல் ஒவ்வொரு வரிக்கும் ஐயோ பழுது, ஐயோ பழுது என்று அலறியது. முன்பு ஊதிவிட்டுப் போன கண்டக்டர் இப்போது ஒவ்வொரு பயணியையும் நாடி பிடித்துப் பார்த்தார். கொஞ்சம் பொறுத்துப் பார், அப்புறமும் பதில் வராவிட்டால் கவலைப்படு என்று சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. எவ்வளவு பொறுப்பது என்பதை முடிவு செய்ய எனக்கே பொறுமை போதவில்லை.

அடுத்து, திரையில் என்ன எழுதுவது. 'பிரிண்டர் தயாராக இல்லை' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன். கல்யாண விஷயமாக வந்து உட்கார்ந்திருப்பவர் கண்ணில் முதலில் 'இல்லை' என்ற சொல் படலாமா? நம் ஊர் மளிகைக்கடைக்காரர்கூட இல்லை என்று சொல்ல மாட்டார், நாளைக்கு வரும் என்பார். அழித்துவிட்டு, 'தாள் வைத்துத் தொடங்குவோம்', 'பச்சை விளக்கை ஏற்றுக' என்று எழுதினேன். நாத்திகன் ஒருவன் சுபச்சொல் தேடி அகராதி புரட்டிய காட்சியை யாரும் பார்க்கவில்லை.

கடைசிச் சிக்கல்தான் மானத்தை வாங்கியது. பெட்டியில் வேண்டுமென்றே ஒரே தாள் வைத்துச் சோதித்தேன். தாள் இருக்கிறதா என்று புரோகிராம் கேட்டது. இருக்கிறது என்று பிரிண்டர் பதில் சொன்னது. அச்சடித்து, பழைய இடத்திலேயே நின்றது. பிரிண்டர் பொய் சொல்லவில்லை. தாளைத் தொட்டுப் பார்க்கும் சின்ன விசை உருளைக்குப் பின்னால், கீழே இருக்கிறது. புரோகிராம் கேட்ட நேரத்தில் அங்கே தாள் இருந்தது. இன்னும் எவ்வளவு பாக்கி என்று அதற்குத் தெரியாது. கடைசித் தாளின் அடி விசையைத் தாண்டியதும் பிரிண்டர் நின்றுவிடும், அது எப்போதும் ஒன்பதாவது பொருத்தத்தில்தான். யோசித்து யோசித்துக் கடைசியில் செய்தது இதுதான்: எல்லாம் சரி என்று கம்பிகள் சொன்ன பிறகும் புரோகிராம் ஒரு கேள்வி கேட்கும். 'பெட்டியில் தாள் நிறைய உள்ளதா? குனிந்து பார்த்துவிட்டுப் பட்டனைத் தட்டவும்.' முதுகலைப் பட்டம், தடித்த புத்தகங்கள் எல்லாவற்றையும் கடந்து, கம்ப்யூட்டர் என்னைக் குனியச் சொன்னது. அப்படியும் நடுவில் ஏதாவது நேர்ந்தால், அரைகுறைத் தாளைத் தள்ளிவிட்டுப் புதுத் தாளில் முதலிலிருந்து தொடங்கும்படியும் எழுதினேன்.

அந்தப் பெண்ணை அழைத்துக் காட்டினேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றாள். ஆனால் இது இனிமேல் வருகிறவர்களுக்கு, தனக்கு ஏற்கனவே நின்றது நின்றதுதானே என்றாள். நான் அந்தக் கோணத்தில் யோசித்திருக்கவில்லை. ஜன்னல் வழியே மேற்கே பார்த்தேன். கல்வராயன் மலை மேல் மேகம் இறங்கியிருந்தது. அங்கே மழை பிடித்தால் இங்கே கரண்ட் போகும். அதற்கும் ஒரு வரி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்.

"பழசு இன்னும் இருக்குதா சார்? நிக்கற புரோகிராமு?"

இருந்தது. என் குப்பைகளை நான் எறிவதில்லை.

"எங்க பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் அதுல பாருங்க. ஒரே ஒரு பேப்பர் வெச்சு. மறைக்க வாணாம், அவருக்குக் காட்டியே வைங்க."

பெரியப்பாவை வரவழைப்பது கஷ்டமாக இல்லை. அவர் கல்யாணத்துக்கு அந்தக் காலத்தில் பொருத்தம் பார்த்தவர் பெரிய ஜோசியராம், பத்துக்கு ஒன்பது என்றாராம். அதை மெஷினிலும் பார்த்துவிட வேண்டும் என்று பெண் ஆசை காட்டியிருக்கிறாள். சந்தை நாளில் இருவரும் வந்தார்கள். பெரியம்மா கையில் கீரைக்கட்டு. பெண் கதவோரம் நின்றாள். நான் பெட்டியை இழுத்துக் காட்டி, ஒரே தாள்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பழைய புரோகிராமைத் தட்டினேன்.

பிரிண்டர் ஒவ்வொன்றாக எழுதி, ரஜ்ஜுவுக்கு வந்து, இரண்டு புள்ளி வைத்து, நின்றது.

பெரியப்பா பிரிண்டரைப் பார்த்தார். பெரியம்மா பெரியப்பாவைப் பார்த்தார். "பேரன் எடுத்தப்புறமா இதுக்கு சந்தேகம் வந்துக்கினு கீது?" என்றார்.

பெண் தரையைப் பார்த்துக்கொண்டு, உதட்டை மடித்துக்கொண்டாள். பெரியப்பா காலிப் பெட்டியை எட்டிப் பார்த்தார். பிறகு, புதுசு போட்டிருக்கிறதாகச் சொன்னார்களே, அதைப் போடுங்கள் என்றார். புதுப் பெட்டியை வைத்தேன். திரை குனிந்து பார்க்கச் சொன்னது. நான் படித்துச் சொன்னேன். அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து, தாளைக் கையால் தூக்கிப் பார்த்து, "கீது," என்றார். பட்டனையும் அவரையே தட்டச் சொன்னேன்.

முழுத் தாளும் வந்தது. பத்தில் நான்கு. ரஜ்ஜு கிடையாது.

 ஒரு கல்யாணத்தை மீட்கப் போய், பேரன் எடுத்த இன்னொரு கல்யாணத்தில் கை வைத்துவிட்டேன். பெரியப்பா தாளை இருமுறை படித்தார். "அப்ப அந்த ஆளு எங்கப்பன்கிட்ட ஒம்போதுன்னு சொன்னது?"

"சொன்னதாலதான கட்டிக்கினீங்க," என்றார் பெரியம்மா. "இப்ப இன்னா, என்னைக் கொண்டுபோய் வுட்டுட்டு வரப்போறீங்களா? ஆவற காரியத்தப் பாருங்க. பொண்ணு நிக்குது."

அவர் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. மெஷின் பொய் என்றால் அன்றைய தடங்கலும் பொய். மெஷின் மெய் என்றால் ரஜ்ஜு இல்லாமலேயே ஒரு தாலி இத்தனை காலம் கெட்டியாக எதிரே உட்கார்ந்து கீரை ஆய்கிறது. எந்தப் பக்கம் போனாலும் பாதை வெள்ளிமலைக்குத்தான் ஏறியது. அவர் தங்கள் தாளை நான்காக மடித்து மடியில் செருகிக்கொண்டார். அதை வேறு யாரும் படிக்கப் போவதில்லை என்பது புரிந்தது. பிறகு தம்பி மகள், மாப்பிள்ளை இருவரின் நட்சத்திரத்தையும் சொல்லி, மறுபடியும் தானே குனிந்து பெட்டியைப் பார்த்துவிட்டு, பட்டனைத் தட்டினார். ரஜ்ஜுவுக்கு எதிரே 'உண்டு' விழுந்தது. பெண் ஓடிக் கீழே இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து டைப்ரைட்டர் சத்தம் கேட்டது. ரொம்ப வேகமாகவும், பிழையாகவும் இருந்திருக்க வேண்டும்.

தை மாதம் கல்யாணம். கள்ளக்குறிச்சியில்தான் மண்டபம். மாப்பிள்ளை அமைதியான ஆள். என்னிடம் வந்து, அடுத்த மாதம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை மலையிலிருந்து அழைத்து வந்தால் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பீர்களா, எப்போது வந்தால் தோதுப்படும் என்று கேட்டார். எப்போது வேண்டுமானாலும் என்றேன். கற்றுக்கொள்ள வருகிறோம் என்று கேட்ட முதல் கூட்டம் அதுதான். அந்தச் சந்தோஷத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது பெரியப்பா சாம்பார் வாளிக்குப் பின்னால் மேற்பார்வை பார்த்துக்கொண்டு வந்தார். என் இலைக்கு எதிரே நின்றார். ஏதோ நன்றி சொல்லப் போகிறார் என்று நான் அடக்கமான ஒரு முகத்தைத் தயார் செய்துகொண்டேன்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்குப் பேப்பர் தீந்தப்போ, ரஜ்ஜு உண்டுன்றது உங்க மெஷினுக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியும், பத்தையும் கணக்குப் போட்ட பிறகுதான் அச்சடிக்கவே ஆரம்பிக்கும் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"அப்ப மேசைக்கு அடியில பூந்துக்கினதுக்குப் பதிலா, அத வாயால சொல்லியிருந்தா நானு ஒக்காந்திருப்பேனே," என்றார். பிறகு பரிமாறுகிறவரிடம் திரும்பி, "சாருக்கு ரசம் ஊத்து," என்றார்.